பன்னிரண்டு பாரும் ஐம்பது டாலரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜாஸ் பற்றிய உங்கள் குறிப்பு ஒன்றில் அமெரிக்க இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டியை “ப்ளூஸின் தந்தை என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டவர்” என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தீர்கள். அதில் ஒரு குத்தல் இருந்த மாதிரி பட்டது. தேடிப் படித்தால் குழப்பம்தான் கூடியது. ஒரு பக்கம் மெம்ஃபிஸில் அவர் பெயரில் பூங்கா, சிலை, பிறகு அமெரிக்கத் தபால்தலை. இன்னொரு பக்கம், ஏழைப் பாடகர்களிடம் கேட்டதை எழுதி விற்றுப் பணம் பண்ணியவர் என்ற பேச்சு. ஜாஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பத்திரிகையிலேயே அவரைச் சாடியிருக்கிறாராம். எது சரி?

இன்னொன்று. ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ பாட்டின் 1914 இசைத்தட்டைக் கேட்டேன். கல்யாண ஊர்வல பேண்டு மாதிரி இருக்கிறது. ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு என்கிறார்களே, சோகமாக ஒன்றையும் காணோம். இதுவா ப்ளூஸ்? எனக்குக் கர்நாடக இசை கேட்டுப் பழக்கம், வீட்டில் ஆர்மோனியம் உண்டு. எங்கே ஆரம்பிப்பது என்று சொன்னால் நல்லது.

எஸ்.,
கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

குத்தல் இருந்தது உண்மைதான். 1941-ல் வந்த தன் சுயசரிதைக்கு ‘ப்ளூஸின் தந்தை’ என்றே தலைப்பு வைத்தவர் ஹாண்டி. ஆனால் அந்தப் பட்டத்துக்கு எதிரான முக்கியமான சாட்சிகளையும் அதே புத்தகத்தில் அவரே கொண்டுவந்து நிறுத்துகிறார். எந்த ஊரில், யாரிடம், எந்த நிலையில் கேட்டேன் என்று மறைக்காமல் எழுதுகிறார். திருடன் என்று முடிவுகட்டுகிறவர்கள் அநேகமாக அட்டையோடு நின்றுவிடுகிறார்கள்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மற்றது பிடிபடும். 1873 நவம்பர் 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஃப்ளாரன்ஸ் ஊரில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் சர்ச் போதகர்கள். சிறு வயதில் காசு சேர்த்து வாங்கிவந்த கிதாரைத் தந்தை கடைக்கே திருப்பி அனுப்பி, அதற்குப் பதிலாக ஓர் அகராதி வாங்கிக்கொள்ள வைத்தார். கிதார் பிசாசின் வாத்தியம் என்பது அந்த வீட்டின் சட்டம். பள்ளியில் வாலஸ் என்ற ஆசிரியர் வாத்தியமே இல்லாமல், நம் ச-ரி-க-ம போல டோ-ரே-மி சொல்லிக்கொடுத்தே நாலு குரல் பாட்டுவரை பயிற்றுவித்தார். பறவை கூவினாலும் மாடு கத்தினாலும் அது என்ன ஸ்வரம் என்று சொல்லிப்பார்க்கும் பழக்கம் பையனுக்கு அங்கே வந்தது. பிறகு ரகசியமாகக் கார்னெட், ட்ரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியம். 1896-ல் மஹாராஸ் மின்ஸ்ட்ரல்ஸ் என்ற ஊர் ஊராகப் போகும் குழுவில் சேர்ந்து பேண்டு மாஸ்டர் ஆனார். 1900-ல் அந்தக் குழுவோடு க்யூபா. அதன்பின் 2 வருடம் அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் இசை ஆசிரியர்.

ஆக, 1903-ல் மிசிசிப்பி டெல்டாவின் க்ளார்க்ஸ்டேல் ஊருக்கு ஒரு பேண்டை நடத்தப் போனபோது ஹாண்டிக்கு 30 வயதை ஒட்டி. நொட்டேஷன் பார்த்து வாசிப்பவர், பிறருக்கு எழுதிக்கொடுப்பவர், ‘படித்த’ இசைக்காரர். கிதாரைத் தடவிப் பாடும் பருத்திக்காட்டுக் கூலியாளை அவர் அதுவரை இசைக்காரராக எண்ணியதில்லை. இதையும் அவரே ஒத்துக்கொள்கிறார்.

அந்தக் காலத்தில் ஓர் இரவு டட்வைலர் ரயில்நிலையத்தில் தாமதமான வண்டிக்குக் காத்திருந்து தூங்கிப்போகிறார். விழித்தால், பக்கத்தில் கந்தல் உடுத்திய ஒருவர் கிதார் தந்தியின்மேல் கத்தியை வைத்து இழுத்தபடி பாடிக்கொண்டிருக்கிறார். ஒரே வரி. ‘சதர்ன் டாகைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குப் போகிறேன்’ என்பதை மூன்று தடவை. சதர்ன் என்பது ஒரு ரயில் கம்பெனி. டாக், அதாவது யெல்லோ டாக், யாஸூ டெல்டா பாதைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர். இரண்டும் மூர்ஹெட் என்ற சிற்றூரில் வெட்டிக்கொள்கின்றன. தான் கேட்டதிலேயே மிக விசித்திரமான இசை அது என்று எழுதுகிறார் ஹாண்டி.

அதைவிட அவரை உலுக்கியது க்ளீவ்லண்ட் என்ற ஊர். மிசிசிப்பி க்ளீவ்லண்ட், ஒஹாயோ இல்லை. ஒரு நடன நிகழ்ச்சியில் இடைவேளைக்கு உள்ளூர்ப் பையன்கள் மூவர் வாசிக்க அனுமதி கேட்கிறார்கள். அடிபட்ட கிதார், மேண்டலின், தேய்ந்துபோன பாஸ் வாத்தியம். திரும்பத் திரும்ப ஒரே துண்டு, ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை. ஜனங்கள் வெள்ளி டாலர்களை வீச, ஹாண்டியின் 9 பேருக்கு அந்த இரவு முழுவதற்கும் பேசிய சம்பளத்தைவிட அதிகமான காசு அந்த மூவரின் காலடியில் கிடக்கிறது. அன்று ராத்திரிதான் தனக்குள் ஓர் இசையமைப்பாளன் பிறந்தான் என்கிறார். ஞானோதயத்துக்குக் காசும் ஒரு காரணம் என்பதை அவர் ஒளிக்காதது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் அவர் கதை மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. சார்ல்ஸ் பீபடி என்ற ஹார்வர்ட் தொல்லியலாளர் 1901, 1902 ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் மேடு தோண்டிக்கொண்டிருந்தார். தோண்டிய ஆட்கள் பாடியது அகழ்வைவிடச் சுவாரசியமாக இருந்தது போலிருக்கிறது; அதைக் குறித்துவைத்து 1903-ல் ஒரு நாட்டாரியல் இதழில் வெளியிட்டார். அச்சில் பார்த்தாலும் ஹாண்டி முதல்வர் இல்லை. 1908-லேயே நியூ ஆர்லியன்ஸில் அந்தோனியோ மாஜியோ என்பவர் 12 பார் (விளக்கம் பின்னால்) பகுதி உள்ள ஒரு உருப்படியை ‘ப்ளூஸ்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து அச்சிட்டுவிட்டார். ‘டாலஸ் ப்ளூஸ்’ 1912 மார்ச். ஹாண்டியின் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ 1912 செப்டம்பர்.

அப்படியானால் அவர் செய்ததுதான் என்ன? அளந்தார், எழுதினார், பதிப்புரிமை பதிவு செய்தார். மூன்றும் மூன்று தனித் திறமைகள். உங்களிடம் ஆர்மோனியம் இருப்பதால் அளந்ததை விரலாலேயே பார்த்துவிடலாம்.

‘பார்’ என்றதும் வேறு பக்கம் போகவேண்டாம். நாலு தட்டு கொண்ட ஒரு சுற்று, அவ்வளவுதான். 12 பார் என்றால் 48 தட்டு. ஒரு கட்டை ஸ்ருதியில் வைத்துக்கொள்ளுங்கள். ச-க-ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது ச கார்ட். ம-த-ச மேல் ஸ்தாயி ஷட்ஜத்தோடு, அது ம கார்ட். ப-நி-ரி, அது ப கார்ட். காந்தாரம் அந்தரம், நிஷாதம் காகலி, ரிஷபமும் தைவதமும் சதுஸ்ருதி, மத்யமம் சுத்தம். எல்லாம் வெள்ளைக் கட்டைகள்தான். ஹாண்டியின் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாட்டின் தொடக்கப் பகுதியின் ஓட்டம் இது:

ச – ம – ச – ச
ம – ம – ச – ச
ப – ப – ச – ச

ஒவ்வொரு எழுத்தும் ஒரு பார், நாலு தட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் பாட்டின் ஒரு வரி. முதல் வரியை அப்படியே இரண்டாம் வரியாகவும் பாடவேண்டும். மூன்றாம் வரியில்தான் புதுச் சொல். ‘சாயங்காலச் சூரியன் இறங்குவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை’ என்று இரண்டு தடவை. ஏன் என்றால் ‘என் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டான்’. டட்வைலர் மனிதர் ஒரே வரியை மூன்று தடவை பாடினார் என்று சொன்னேன். கிராமத்தில் இரண்டு விதமும் இருந்தன. வரி, திரும்ப அதே வரி, பிறகு காரணம் என்ற அமைப்பை ஹாண்டி தேர்ந்துகொண்டார். நாட்டுப்பாடகர் மூச்சு முட்டும் இடத்தில் 13 பார் ஆக்குவார், சொல் தீர்ந்தால் 11-லேயே திரும்பிவிடுவார். தனியாக வாசிப்பவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. 9 பேர் பேண்டு அப்படி வாசித்தால் நடனமாடுபவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். 12 என்று கட்டிப்போட்டதற்கு நடைமுறைக் காரணம் அது.

வாசிக்கும்போது மூன்று இடங்களில் தவறு வரும்.

முதலாவது ஸ்ருதிப் பெட்டி. ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். ச கார்டிலும் ம கார்டிலும் ஷட்ஜம் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும். 9-ஆம் பாரில் ப கார்ட் வரும்போது அதில் ஷட்ஜமே கிடையாது. காகலி நிஷாதம் இருக்கிறது. ஓயாத ஷட்ஜத்தோடு அது உரசும். ப்ளூஸில் ஆதாரமே நகர்கிறது. நம் காது ஆதாரம் நகராமல் இருப்பதற்குப் பழகியது; இந்த இசை முதல் தடவை கேட்கையில் நமக்குப் பிடிபடாததற்கு அது ஒரு காரணம்.

இரண்டாவது காந்தாரம். ச கார்டின் மேல் பாடும்போது குரல் அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கேட்பவருக்கு இது ஹரிகாம்போதியா கரகரப்ரியாவா என்ற தேடல் உடனே தொடங்கிவிடும். தேடவேண்டாம், இரண்டும் இல்லை. கையில் அந்தரம், குரலில் அதற்குக் கீழே. ம கார்டுக்குப் போனதும் கைசிகமான ஏழாம் ஸ்வரத்தை அதில் சேர்த்து அழுத்திப்பாருங்கள். ம-வை ஆதாரமாக வைத்தால் ஏழாவதாக வருவது நம்முடைய சாதாரண காந்தாரம்தான், அந்தக் கறுப்புக் கட்டை. நாலு பாருக்கு முன் கார்டோடு முரண்பட்டுக் குமைந்த அதே ஸ்வரம் இப்போது கார்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. இந்த ஒரு மாற்றம் காதில் விழுந்துவிட்டால் ப்ளூஸ் பாதி புரிந்த மாதிரி. கமகத்தில் இதைவிட நுணுக்கமாகக் கேட்டுப் பழகியவருக்கு ஒரு நாள்கூட ஆகாது. ஹாண்டியின் சிக்கல் என்னவென்றால், பியானோவுக்கும் சரி, ஆர்மோனியத்துக்கும் சரி, நடுவில் கட்டை கிடையாது. எனவே காகிதத்தில் சாதாரணத்தையும் அந்தரத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதுபோல எழுதினார்.

மூன்றாவது, வரியை நாலு பாருக்கும் இழுத்து நிரப்பிவிடுவது. கூடாது. சொல் சுமார் இரண்டரை பாரில் தீர்ந்துவிடவேண்டும். மிச்சம் ஒன்றரை பார் காலி. கிராமத்துப் பாடகர் அந்த இடத்தில் ‘ஓ லார்ட்’ என்பார், அல்லது கிதார் பதில் சொல்லும். ஹாண்டி அந்த இடைவெளியை மூடாமல் விட்டார். வாத்தியக்காரர் தன் கைவரிசையைக் காட்டும் இடம் அது என்று புரிந்துகொண்டவர். ப்ளூஸிலிருந்து ஜாஸுக்குப் போகும் வாசல் எது என்று கேட்டால் இந்த ஒன்றரை பாரைத்தான் காட்டுவேன்.

இனி உங்கள் 1914 இசைத்தட்டு. 1909-ல் மெம்ஃபிஸ் நகரசபைத் தேர்தலில் எட்வர்ட் க்ரம்ப் என்பவருக்காக பேண்டு வாசித்த பிரசார மெட்டு அது என்பது ஹாண்டியின் கூற்று. 3 வருடம் கழித்து, சொல் இல்லாமல், வாத்திய உருப்படியாக அச்சிட்டார். அமைப்பு 12 பார், 16 பார், மறுபடி 12 பார். நடுவிலுள்ள 16 அன்று பரவலாயிருந்த ரேக்டைம் என்ற பியானோ பாணி உருப்படிகளின் வழக்கம். சுத்தமான ப்ளூஸ் இல்லை, ஒட்டுச்செடி. நீங்கள் கேட்டது 1914 ஜூலையில் விக்டர் கம்பெனியின் மிலிட்டரி பேண்டு வாசித்தது. அவர்கள் அணிவகுப்பு இசை வாசிப்பவர்கள். தாளில் சாதாரண காந்தாரம் என்றிருந்தால் சாதாரண காந்தாரம், அந்தரம் என்றிருந்தால் அந்தரம். நடுவில் வழுக்குவது அவர்கள் வேலையில் சேர்ந்ததில்லை. மைக் வராத காலம், எல்லாரும் ஒரு புனலைப் பார்த்து ஊதினார்கள். போதாததற்கு அது நடனத்துக்கான தட்டு. வெர்னன் – ஐரீன் காஸில் தம்பதியின் நடனங்களுக்கு இசை நடத்திய ஜேம்ஸ் ரீஸ் யூரோப் இந்த மெட்டை அவர்களுக்கு வாசித்துக்காட்டியதில்தான் ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனம் பிறந்தது என்ற வரலாறு உண்டு. உங்கள் காது ஏமாறவில்லை, அது பேண்டுதான். அதே பாட்டை யூரோப்பின் ராணுவ பேண்டு 1919-ல் பதே கம்பெனிக்கு வாசித்ததைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அதுவும் பேண்டுதான், ஆனால் இடைவெளிகளில் ட்ராம்போன்கள் வழுக்குகின்றன.

காசு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் ‘திருடன்’ கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஹாண்டி எழுதியிருப்பதன்படி ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ முதலில் 1,000 பிரதி அச்சானது. விற்கவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. 50 டாலருக்கு முழு உரிமையையும் எழுதிக்கொடுத்தார். வாங்கியவர் தெரன் பென்னட். 1913-ல் ஜார்ஜ் நார்ட்டன் அதற்கு வரிகள் எழுத, பாட்டு நாடெங்கும் ஓடியது. தாளின்மேல் ஹாண்டியின் பெயர் இருந்தது; பணம் வரவில்லை. அன்றிருந்த 1909 அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 வருடம், பிறகு ஆசிரியர் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. 1912-ஓடு 28-ஐக் கூட்டினால் 1940. அதுவரை காத்திருந்துதான் உரிமையைத் திரும்பப் பெற்றார்.

பாடம் மட்டும் உடனே கிடைத்தது. ஹாரி பேஸ் என்ற மெம்ஃபிஸ் வங்கி ஊழியரோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் தொடங்கினார், பேஸ் அண்டு ஹாண்டி. 1914-ல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ அங்கிருந்து வந்தது. அதே சட்டம் ஒரு பாட்டின் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் உரிமையாளருக்கு 2 சென்ட் தரச்சொன்னது. பாடியவருக்குப் பதிவு அறையில் ஒரு தொகை, அத்தோடு சரி. ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ எத்தனை பேர் பாடிய பாட்டு என்பதை நினைத்தால் அந்த 2 சென்ட் என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். டட்வைலர் ஸ்டேஷன் மனிதருக்கு எதுவும் இல்லை. அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. இது அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஹாண்டி பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்த 2 சென்ட் டட்வைலர் மனிதருக்குப் போயிருக்காது. இன்னொரு தெரன் பென்னட்டுக்குப் போயிருக்கும். 1910-களின் அமெரிக்காவில் ஒரு கறுப்பர் தன் இசையின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்தார் என்பதைத் திருட்டோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை.

மார்ட்டன் சண்டைக்குப் பின்னாலும் இந்தப் பதிப்புரிமைக் காகிதம்தான் இருக்கிறது. 1938-ல் ரிப்ளியின் வானொலி நிகழ்ச்சியில் ஹாண்டியை ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் மூலவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அதைக் கேட்டுக் கொதித்துப்போன ஜெல்லி ரோல் மார்ட்டன் நீண்ட கடிதம் எழுத, ‘டவுன் பீட்’ இதழ் அதை வெளியிட்டது. ஜாஸை 1902-ல் படைத்தவன் நான், ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ பகுதிகள் மற்றவர்களுடையவை, அதில் ஒன்று என்னுடையது என்பது சாரம். மார்ட்டனின் ஞானஸ்நானப் பதிவு 1890 என்கிறது. 1902-ல் அவர் 11, 12 வயதுப் பையன். தான் பிறந்தது 1885 என்று அவர் சொல்லிக்கொண்டதற்குக் காரணம் இப்போது புரியும். அதற்காக அவர் சொன்னதெல்லாம் பொய் ஆகிவிடாது. ஹாண்டி ஜாஸ் வாசிப்பவரே அல்ல என்ற அவர் வாதம் நூற்றுக்கு நூறு சரி. ஹாண்டி மறுக்கவும் இல்லை. தன்னால் முடிந்தாலும் ஜாஸ் வாசிக்கமாட்டேன் என்று பதில் எழுதினார். நான் எழுதியதையெல்லாம் பதிப்பித்துப் பதிவு செய்தவன், எனவே இது என்னுடையது அது என்னுடையது என்று சொல்லித் திரியவேண்டிய அவசியம் எனக்கில்லை என்ற பொருளில் ஓர் இடியும் கொடுத்தார். மார்ட்டன் பெரும் கலைஞர். ஆனால் அந்த இடி சரியான இடத்தில் விழுந்தது.

ஹாண்டியின் வாசிப்பு எப்படி இருந்தது என்பதற்கு 1917 செப்டம்பரில் அவர் குழு நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனிக்குப் பதிந்த தட்டுகளே சாட்சி. வயலின்கள் உண்டு, சைலஃபோன் உண்டு, விறைப்பு உண்டு. அதே வருடம் பிப்ரவரியில் வெள்ளையர் குழுவான ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டு பதிந்து பெரும் விற்பனையான ‘லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்’ பாட்டையும் ஹாண்டி வாசித்துப் பார்த்தார். அதைக் கேட்டால் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஹாண்டியை ஹாண்டி வாசிக்கக் கேட்காதீர்கள். பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, 1925 ஜனவரி 14, கொலம்பியா. இருப்பது மூன்றே பேர்: பெஸ்ஸி, கார்னெட்டில் லூயி ஆம்ஸ்ட்ராங், பெட்டி வாசிப்பவர் ஃப்ரெட் லாங்ஷா. அந்தப் பெட்டி, ஆமாம், ஆர்மோனியம்தான். காலால் மிதிக்கும் வகை. நீங்கள் கூடவே வாசிக்கலாம்.

இந்தப் பதிவில் பேஸ் அண்டு ஹாண்டியின் நிழலும் இருக்கிறது. அந்தப் பதிப்பகம் 1918-ல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தபின் அங்கே பாட்டுகளை வாசித்துக்காட்டும் வேலைக்குச் சேர்ந்த பியானோக்காரர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன். 1921-ல் ஹாரி பேஸ் பிரிந்துபோய் ப்ளாக் ஸ்வான் என்ற இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கியபோது கூடப் போனார். பிறகு சொந்த பேண்டு. 1924-ல் சிகாகோவிலிருந்து ஆம்ஸ்ட்ராங்கை நியூயார்க்குக்கு அழைத்தது அந்த பேண்டுதான். அதனால்தான் 1925 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் அந்த ஊரில் இருந்தார்.

கேட்கும் முறை: தொடக்கத்தில் கார்னெட்டும் ஆர்மோனியமும் ஒரே ஒரு நீளக் கார்டைப் பிடிக்கும். அது முடிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். நிமிடத்துக்கு 65, 70 தட்டு, மிக மெதுவான காலம், தொடையில் தட்டினால் போதும். முதல் 12 பார், சூரியன் இறங்கும் வரி. அடுத்த 12 பாரில் அதே மெட்டு, வேறு வரிகள். பிறகு 16 பார், இங்கே காந்தாரம் முழுக்கச் சாதாரணமாகிவிடும். செயின்ட் லூயிஸ் பெண்ணும் அவளுடைய வைர மோதிரங்களும். கடைசியில் 12 பார். கூட்டினால் 52. ஒரு பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் கொள்வது மூன்று நிமிடத்துச் சொச்சம், இந்த வேகத்தில் 52 பாரோடு பக்கம் தீர்ந்துவிடும். முதல் தடவை பெஸ்ஸியை விட்டுவிட்டு அந்த ஒன்றரை பார் இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஆம்ஸ்ட்ராங் என்ன பதில் சொல்கிறார் என்று. ஒரு பதிலைப் போல இன்னொன்று இல்லை. ஹாண்டியின் தாளில் அந்த இடம் கிட்டத்தட்ட வெறுமை. இரண்டாம் தடவை பெஸ்ஸியின் காந்தாரம். மூன்றாம் தடவைதான் ஆர்மோனியம் தொடவேண்டும். அதிலும் ஸ்ருதி பொருந்த ஒரு கட்டையை விட்டுத் தேடவேண்டியிருக்கும். தட்டு ஓடும் வேகத்தைப் பொறுத்து ஸ்ருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவிலும் நிற்கலாம். அப்படியானால் உங்கள் பெட்டி பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த 16 பாரில் ஹாண்டி எழுதியது உண்மையில் டேங்கோ நடை. எட்டு எண்ணி 1, 4, 5, 7 ஆகியவற்றில் தட்டினால் அது வரும். க்யூபா பயணத்தில் காதில் விழுந்தது. பிறகு மெம்ஃபிஸில் டையர்ஸ் என்பவரின் ஓர் உருப்படியில் இந்த நடை வந்ததும் ஆடுபவர்கள் உடம்பே மாறுவதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். பெஸ்ஸியின் பதிவில் டேங்கோ இல்லை, அந்த மெதுவான காலத்தில் அதற்கு இடமும் இல்லை. ஆம்ஸ்ட்ராங் 1929 டிசம்பரில் பெரிய பேண்டோடு பதிந்ததில் கேளுங்கள், டேங்கோவில்தான் தொடங்குகிறது. அவரே 1954-ல் ஹாண்டி பாட்டுகளுக்கென்று ஒரு முழு எல்.பி. பதிந்தார். அதில் இதே பாட்டு கிட்டத்தட்ட 9 நிமிடம். தட்டின் நீளம் கூடியதும் பாட்டு எப்படிக் கைகால் நீட்டிக்கொள்கிறது என்று தெரியும். 1943-ல் சுரங்க ரயில் மேடையிலிருந்து விழுந்ததில் பார்வையை முற்றிலும் இழந்திருந்த ஹாண்டி அப்போது உயிரோடு இருந்தார். 1958 மார்ச் 28-ல் காலமானார்.

இதெல்லாம் முடித்தபின் ஒரே ஒரு தட்டு. சார்லி பேட்டன், ‘கிரீன் ரிவர் ப்ளூஸ்’, 1929. தனிக் குரல், தனிக் கிதார், இரைச்சல் நிறைய. காதுக்குள் கருவி வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். டெல்டாவில் வளர்ந்தவர், ஹாண்டியின் தாளைப் பார்த்துப் பாடுகிறவர் அல்ல. பார் எண்ணிக்கொண்டு போனால் சில இடத்தில் உங்கள் கணக்கு தப்பும். விட்டுவிடுங்கள், தப்பு உங்களுடையது இல்லை. நடுவில் ஒரு வரி வரும். சதர்ன் டாகைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குப் போகிறேன் என்று.

அன்புடன்,
ஆசிரியர்